லூப்ல தலைகீழா போறப்போ ஏன் விழல? மையநோக்கு விசை உள்ள இழுத்தா கீழ தானே வரணும்?

உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். லீவுக்கு மகளோட தீம் பார்க் போயிட்டு வந்திருக்கீங்க, ரோலர் கோஸ்டர் லூப்ல தலைகீழா போறப்போ ஏன் கீழ விழலன்னு அவ கேட்டதுக்கு மையவிலக்கு விசை நம்மள வெளிப்பக்கமா தள்ளி சீட்டோட ஒட்ட வெச்சிடுதுன்னு சொல்லியிருக்கீங்க. பிளஸ் ஒன் படிக்கற பொண்ணு, புக்குல மையநோக்கு விசைன்னு தான் போட்டிருக்கு, அது உள்பக்கமா இழுக்குது, உச்சியில உள்பக்கம்னா கீழ, புவியீர்ப்பும் கீழ, அப்போ ரெண்டும் சேர்ந்து கீழ இழுத்தா விழத்தானே வேணும்னு திருப்பிக் கேட்டிருக்கா. கூடவே நியூட்டனோட மூணு விதியும் இதுல எங்க வருது, தோள் மேல வர்ற அந்தக் கம்பி இல்லாட்டியும் விழ மாட்டோம்ங்கறது நிஜமா, இதெல்லாமும் கேட்டிருக்கீங்க. ஆனா இது எல்லாத்துக்கும் அடியில இருக்கற கேள்வி ஒண்ணு தான்னு எனக்குப் படுது: கீழ்நோக்கின விசை மட்டுமே இருக்கற இடத்துல ஒரு ஆள் எப்படி கீழ விழாம இருக்க முடியும்? உங்க மக கேட்டது அருமையான கேள்விங்க. நான் 22 வருஷமா பிளஸ் ஒன், பிளஸ் டூ பசங்களுக்கு பிசிக்ஸ் எடுக்கறேன், அந்தப் பாடத்தை முழுசா புரிஞ்சுக்கற பசங்க எல்லாருமே இந்த இடத்துல ஒரு தடவை நின்னு தடுமாறிட்டு தான் தாண்டிப் போறாங்க.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். நான் வாத்தியார், கோஸ்டர் டிசைன் பண்ற இன்ஜினியர் இல்ல, டாக்டரும் இல்ல. விசை, முடுக்கம் கணக்கெல்லாம் நீங்களே போட்டு சரி பாத்துக்கலாம், அதை உறுதியா சொல்றேன். உடம்பு எவ்வளவு தாங்கும்ங்கற இடம் வர்றப்போ அங்க என் வார்த்தையை முடிவா எடுத்துக்காதீங்க.

முதல்ல ரோலர் கோஸ்டரை விட்டுட்டு கிரிக்கெட் கிரவுண்டுக்கு வாங்க. பவுண்டரி லைன்லேர்ந்து ஒரு ஃபீல்டர் கீப்பருக்கு பந்தை எறியறான். பந்து கையை விட்டுக் கிளம்பினதுலேர்ந்து அது மேல இருக்கற விசை (காத்தோட தடையை இப்போதைக்கு விட்டுடுங்க) ஒண்ணே ஒண்ணு, புவியீர்ப்பு, அதுவும் நேரா கீழ. ஆனா பந்து பாதி தூரம் மேல தான் ஏறுது, உச்சிக்குப் போனப்புறமும் பொத்துன்னு விழாம முன்னாடி போய்க்கிட்டே தான் இறங்குது. முழுக்க முழுக்க கீழ்நோக்கின விசை, ஆனா போறது முன்னாடி. இதைப் பாத்து யாரும் ஆச்சரியப்படறதில்ல, ஏன்னா சின்ன வயசுலேர்ந்து பாத்துப் பழகிட்டோம். நியூட்டனோட முதல் விதியும் ரெண்டாவது விதியும் சொல்றது இது தான்: விசை இல்லாட்டி பொருள் இருக்கற வேகத்துல நேர்கோட்டுல போய்க்கிட்டே இருக்கும், விசை இருந்தா அந்த வேகம் விசை இருக்கற பக்கமா மாறும். மாறும், அவ்வளவு தான். விசை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே பொருள் போகும்னு நியூட்டன் எங்கயும் சொல்லல. நம்ம மனசு தான் அப்படி எடுத்துக்குது, உங்க மகளோட குழப்பமும் சரியா இந்த இடத்துல தான் இருக்கு.

இப்போ லூப்போட உச்சிக்குப் போவோம். ட்ரெய்ன் அங்க சும்மா தொங்கிட்டு இல்ல, ஒரு உதாரணத்துக்கு மணிக்கு 42 கி.மீ வேகத்துல கிடைமட்டமா போயிட்டிருக்குன்னு வைங்க. அந்த நொடியில தண்டவாளத்தை அப்படியே மறைய வெச்சுட்டா என்ன ஆகும்? எறிஞ்ச பந்து மாதிரி முன்னாடி போய்க்கிட்டே வளைஞ்சு கீழ வரும், பரவளையப் பாதை. அந்தப் பாதையை ஒரு பேப்பர்ல வரைஞ்சுட்டு, பக்கத்துல லூப்போட வளைவையும் வரைஞ்சு பாருங்க, லூப் அந்தப் பரவளையத்தை விட இன்னும் இறுக்கமா உள்பக்கம் திரும்பியிருக்கும். அப்போ நீங்க தானா விழுந்தா எங்க இருப்பீங்களோ, அதுக்கும் கீழ உங்களைக் கொண்டு போகணும்னு தண்டவாளம் அடம் பிடிக்குது. சீட்டு உங்க உடம்பைக் கீழ்நோக்கித் தள்ளித் தான் அதை செய்யுது. நீங்க விழலைங்கறதே தப்புங்க, விழுந்துக்கிட்டு தான் இருக்கீங்க, சீட்டு உங்களை விட வேகமா விழுது. அதனால தான் சீட்டோட ஒட்டி இருக்கீங்க. வேகம் குறைஞ்சா கதை மாறிடும், பரவளையம் லூப்பை விட இறுக்கமா ஆயிடும், நீங்க சீட்டை விட்டுப் பிரிஞ்சு கீழ வர ஆரம்பிப்பீங்க, அப்போ தாங்கறது கம்பியும் பெல்ட்டும் தான்.

கிளாஸ்ல இதுக்கு ஒரு சொம்பு வெச்சிருக்கேன், பித்தளை, கழுத்துல கயிறு கட்டி பாதிக்குத் தண்ணி ஊத்தி தலைக்கு மேல செங்குத்தா சுத்துவேன். கயித்தோட நீளமும் சொம்பும் சேர்ந்து சுமார் ஒரு மீட்டர் ஆரம். கணக்குப் போட்டா ஒரு சுத்துக்கு 2 செகண்டுங்கறது எல்லை, அதை விட மெதுவா போனா உச்சியில தண்ணி சொம்போட அடியை விட்டுப் பிரிஞ்சிடும். பசங்க ஸ்டாப் வாட்ச் வெச்சு எண்ணுவாங்க, நான் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைப்பேன், முன் பெஞ்சுக்காரங்க நோட்டை எடுத்து பின்னாடி வெச்சுக்குவாங்க. எல்லைக்குப் பக்கத்துல வர்றப்போ கயித்துல ஒரு மாற்றம் கைக்குத் தெரியும், உச்சியில கயிறு தளர்ந்து லேசா துவளும், விசை சைபர் ஆகுதுங்கறதை விரல்ல தொட்டுப் பாக்கற மாதிரி இருக்கும். அதுக்கு அடுத்த சுத்துல தண்ணி கொட்டும். வருஷா வருஷம் கொட்டினாலும் பசங்க முகத்துல அந்த நொடியில வர்ற வெளிச்சத்துக்காகவே இதை விடாம செஞ்சிட்டு வர்றேன்.

மையவிலக்கு விசை பத்தி நீங்க சொன்னது முழுத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ட்ரெய்னுக்குள்ள உக்காந்துக்கிட்டு, ட்ரெய்ன் தான் நிலையா இருக்கு, உலகம் தான் சுத்துதுன்னு வெச்சு கணக்குப் போட்டா அந்த விசையை சேர்த்துக்கணும், விடை சரியா வரும். ஆனா அதை யாரும் தள்ளல, எந்தப் பொருளும் அதைக் கொடுக்கல, நாம திரும்பற வண்டிக்குள்ள உக்காந்து பாக்கறதால தோணறது, அதனால தான் புக்குல போலி விசைன்னு பேர் வெச்சிருக்காங்க. தரையில நின்னு பாக்கற ஆளுக்கு அது கிடையவே கிடையாது. மலை ரோட்டுல பஸ் கொண்டை ஊசி வளைவுல திரும்பறப்போ நீங்க பக்கத்து ஆள் மேல சாயறீங்களே, அங்க உங்களை யாரும் தள்ளல, நீங்க நேரா தான் போறீங்க, பஸ் தான் உங்களுக்கு அடியில திரும்புது. நிலைமம்னு புக்குல இருக்கறது இது தான். ரெண்டு பார்வையில எதையும் எடுத்துக்கலாம், ஆனா ஒரே படத்துல ரெண்டையும் கலந்து வரையக் கூடாது. மையநோக்கு விசைங்கறதும் தனியா ஒரு விசை இல்ல, அதையும் மகளுக்கு சொல்லிடுங்க. உச்சியில இருக்கறது புவியீர்ப்பு, சீட்டோட தள்ளல், இந்த ரெண்டு மட்டும் தான், ரெண்டையும் கூட்டினா வர்ற தொகைக்கு வெச்ச பேர் தான் மையநோக்கு விசை.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, இது புரிஞ்சா ரோலர் கோஸ்டர்ல பாதி புரிஞ்ச மாதிரி. நாம புவியீர்ப்பை உணர்றதே இல்ல. இப்போ நாற்காலில உக்காந்து இதைப் படிக்கறப்போ உங்க எடைன்னு நீங்க உணர்றது நாற்காலி உங்களை மேல தள்ளற விசையைத் தான். நம்பிக்கை இல்லாட்டி முள்ளு வெச்ச பழைய எடை மெஷின் ஒண்ணை அபார்ட்மெண்ட் லிஃப்ட்டுக்குள்ள கொண்டு போய் மேல ஏறி நில்லுங்க (டிஜிட்டல் வேணாம், அது எண்ணை நிறுத்தி வெச்சுக்கும்). லிஃப்ட் மேல கிளம்பற நொடியில 60 கிலோ ஆளுக்கு முள்ளு 65, 66-க்கு எகிறி மறுபடி 60-க்கு வரும், மேல போய் நிக்கறப்போ 55-க்கு இறங்கும். பூமி உங்களை இழுக்கறது மாறவே இல்ல, தரை தள்ளறது தான் மாறுச்சு. கோஸ்டர்காரங்க ஜி, ஜின்னு பேசறது இதைத் தான், சீட்டு உங்களைத் தள்ளறது உங்க எடையில எத்தனை மடங்குங்கற எண்ணு. 1 ஜின்னா சும்மா உக்காந்திருக்கற மாதிரி, 3 ஜின்னா 60 கிலோ ஆளுக்கு 180 கிலோ மாதிரி, கையைத் தூக்கவே சிரமமா இருக்கும். சைபர் ஜின்னா சீட்டு தள்றதையே விட்டுடுச்சு. கோஸ்டர் மேட்டு மேல ஏறி எறிஞ்ச பந்தோட பாதையிலயே வளைஞ்சு இறங்கினா நடக்கறது அது தான், தொடை சீட்டை விட்டு லேசா எழும்பும், அடிவயித்துல பகீர்ங்கும். எக்ஸிபிஷன்ல கொலம்பஸ்ல உக்காந்து இறங்கறப்போ வர்றதும் அதோட தம்பி தான். விண்வெளி நிலையத்துல இருக்கறவங்க மிதக்கறதும் இதே தான்ங்க, அங்க 400 கி.மீ உயரத்துலயும் புவியீர்ப்பு தரையில இருக்கறதுல கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கு, நிலையமும் ஆளும் ஒண்ணா விழுந்துக்கிட்டே இருக்கறதால ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கறதில்ல, அதனால மிதக்கறாங்க.

மேடு பந்தோட பாதையை விட இன்னும் செங்குத்தா இறங்கினா? அப்போ ட்ரெய்ன் தண்டவாளத்தை விட்டு மேல எழும்பப் பாக்கும், நீங்க சீட்டை விட்டு எழும்பப் பாப்பீங்க, மடி மேல இருக்கற கம்பி உங்க தொடையைக் கீழ அழுத்தும். மூணாவது விதி, அதாவது நீங்க ஒண்ணைத் தள்ளினா அதுவும் உங்களை அதே அளவுக்குத் திருப்பித் தள்ளும்ங்கறது, இங்க தான் கண்ணால பாக்கற மாதிரி வரும். சக்கரங்களைப் பக்கத்துல போய்ப் பாருங்க, ஒவ்வொரு இடத்துலயும் மூணு வகை இருக்கும், தண்டவாளத்து மேல ஓடறது ஒண்ணு, பக்கவாட்டுல அணைச்சு ஓடறது ஒண்ணு, தண்டவாளத்துக்கு அடியில ஒட்டி ஓடறது ஒண்ணு. அந்த அடிச்சக்கரம் தான் ட்ரெய்ன் எழும்பப் பாக்கறப்போ தண்டவாளத்தை மேல தள்ளும், தண்டவாளம் அதே அளவுக்கு ட்ரெய்னைக் கீழ தள்ளும். அமெரிக்காவுல ஜான் மில்லர்ங்கறவர் 1919-ல் இந்த அடிச்சக்கரத்துக்கு பேடண்ட் வாங்கினார், அதுக்கப்புறம் தான் பெரிய பெரிய மேடும் செங்குத்தான இறக்கமும் தைரியமா கட்ட முடிஞ்சது. அதுக்கு முன்னாடி, 1884-ல் நியூயார்க் கோனி ஐலண்ட்ல லாமார்கஸ் தாம்சன் போட்ட ஸ்விட்ச்பேக் ரயில்ங்கற ஆரம்ப கால கோஸ்டர் மணிக்கு சுமார் 10 கி.மீ வேகத்துல தான் போச்சு, சைக்கிள் வேகம் கூட இல்ல, டிக்கெட் 5 சென்ட். மூணாவது விதியில பரீட்சைக்குப் பரீட்சை பசங்க பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, உங்க மகளும் பண்ணலாம்: புவியீர்ப்பு என்னைக் கீழ இழுக்குது, சீட்டு என்னை மேல தள்ளுது, இது ரெண்டும் செயல், எதிர்ச்செயல்னு எழுதிடுவாங்க. இல்ல. ரெண்டுமே ஒரே ஆள் மேல வர்ற விசைகள். சீட்டு உங்களைத் தள்ளுதுன்னா அதோட ஜோடி நீங்க சீட்டைத் தள்றது, பூமி உங்களை இழுக்குதுன்னா அதோட ஜோடி நீங்க பூமியை இழுக்கறது. ஜோடி எப்பவும் ரெண்டு வேற வேற பொருள் மேல தான் இருக்கும். சீட்டும் புவியீர்ப்பும் ஜோடியா இருந்தா எப்பவும் சமமா தான் இருக்கணும், அப்புறம் 3 ஜி, சைபர் ஜியெல்லாம் எங்கேர்ந்து வரும்?

லூப் ஏன் முழு வட்டமா இல்லாம முட்டையைத் தலைகீழா நிறுத்தின மாதிரி இருக்குன்னு கவனிச்சிருக்கீங்களா? எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்ச இடம் இது, கொஞ்சம் விரிவாவே சொல்றேன். வட்டமான லூப்ல அடியில சீட்டு தள்றதும் உச்சியில தள்றதும் எவ்வளவு வித்தியாசப்படும்னு கணக்குப் போடுங்க. அடியிலேர்ந்து உச்சிக்கு ஏறறது ஆரத்தைப் போல ரெண்டு மடங்கு உயரம், அதுல வேகம் குறையறதால வேகத்தோட வர்க்கத்தை ஆரத்தால வகுத்து வர்ற எண்ணுல, அதாவது வளைவுல திரும்பறதுக்கு வேண்டிய முடுக்கத்துல, 4 ஜி குறையும். அடியில புவியீர்ப்பு சீட்டுக்கு எதிரா இருக்கு, உச்சியில சீட்டோட சேர்ந்துக்குது, அதுல 2 ஜி. மொத்தம் 6 ஜி. லூப் பத்து மீட்டரா நூறு மீட்டரா, கணக்குல அது வரவே இல்ல பாருங்க, உராய்வை விட்டுட்டா எந்த வட்ட லூப்லயும் வித்தியாசம் 6 ஜி தான். உச்சியில சீட்டை விட்டுப் பிரியாம சைபர்ல தப்பிச்சா கூட அடியில 6 ஜி வாங்கியே ஆகணும். அதுவும் தட்டையான பாதையிலேர்ந்து வட்டத்துக்குள்ள நுழையற அந்த இடத்துல 1 ஜிலேர்ந்து 6 ஜிக்கு ஒரே அடியா தாவும், கழுத்துல சம்மட்டியால அடிச்ச மாதிரி. 1895-ல் கோனி ஐலண்ட்ல சீ லயன் பார்க்ல ஃப்ளிப் ஃப்ளாப்னு ஒண்ணு சுமார் 25 அடி வட்ட லூப்போட ஓடுச்சு, கழுத்து வலிக்குதுன்னு ஜனங்க புகார் சொன்னது அதனால தான். அதுல 12 ஜி வந்துச்சுன்னு பல இடத்துல எழுதியிருக்காங்க, அந்த எண்ணை நான் சந்தேகத்தோட தான் பாக்கறேன். அந்த அளவு வட்டத்துல 12 ஜி வரணும்னா அடியில வேகம் மணிக்கு 73 கி.மீ இருக்கணும், அதுக்கு 21 மீட்டர் உயரத்துலேர்ந்து இறங்கி வரணும், லூப்போட உயரத்தைப் போல கிட்டத்தட்ட மூணு மடங்கு. அன்னிக்கு யாரும் மீட்டர் வெச்சு அளந்த எண்ணும் இல்ல அது. ஆனா 6 ஜிக்குக் குறைஞ்சிருக்க வழியில்ல, அது கணக்கு. 1901-ல் அதே கோனி ஐலண்ட்ல எட்வின் ப்ரெஸ்காட்ங்கறவர் லூப்பை நீள்வட்டமா மாத்திப் பாத்தார், அது கழுத்துக்குக் கொஞ்சம் இதமா இருந்துச்சு.

இதுக்கு முழுசா வழி கண்டுபிடிச்சது 1976-ல், கலிஃபோர்னியா மேஜிக் மவுண்டன் பார்க்ல வந்த ரெவல்யூஷன்ங்கற கோஸ்டர். ஆண்டன் ஷ்வார்ஸ்கோஃப் கட்டினது, கணக்குப் போட்டது வெர்னர் ஸ்டெங்கல், ரெண்டு பேருமே ஜெர்மனிக்காரங்க. அடியில வேகம் அதிகம், அதனால அங்க ஆரத்தைப் பெருசா வை, மேல போகப் போக வேகம் குறையும், அதுக்கேத்த மாதிரி ஆரத்தைக் குறைச்சுக்கிட்டே போ. க்ளோத்தாய்டுன்னு அந்த வளைவுக்குப் பேரு, ரயில் பாதையிலயும் நெடுஞ்சாலையிலயும் நேர் ரோட்டை வளைவோட சேர்க்கறதுக்கும் இதே வளைவைப் போடறாங்க. நானே ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். 25 மீட்டர் உயர லூப், அடியில மணிக்கு 90 கி.மீ, அப்போ உச்சியில சுமார் 42 கி.மீ வரும். முழு வட்டமா இருந்தா அடியில 6.1 ஜி, உச்சியில வெறும் 0.1 ஜி. அதே உயரம், அதே வேகம், அடியில ஆரம் 25 மீட்டர், உச்சியில 6 மீட்டர்னு மாத்தினா அடியில 3.5 ஜி, உச்சியில 1.3 ஜி. தலைகீழா இருக்கறப்போ நாற்காலில உக்காந்திருக்கறதை விடக் கொஞ்சம் அழுத்தமாவே சீட்டுல இருப்பீங்க. வளைவோட வடிவத்தை மாத்தினது மட்டும் தான், இவ்வளவு வித்தியாசம். ஒவ்வொரு வருஷமும் போர்டுல இதைப் போட்டு முடிக்கறப்போ எனக்கே சந்தோஷமா இருக்கும்.

ரெண்டாவது விதிக்கு நான் எடுக்கற உதாரணம் கிங்டா காங்கற கோஸ்டர், நியூஜெர்சியில சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர்ல 2005-ல் திறந்தது, 139 மீட்டர் உயரம். 2024-ல் மூடிட்டு 2025 பிப்ரவரியில வெடி வெச்சு இறக்கிட்டாங்க, இருந்தாலும் கணக்குக்கு அதை விட நல்ல உதாரணம் கிடைக்கல. அதுல சங்கிலி போட்டு மேல இழுக்கறது கிடையாது, தட்டையான பாதையில ஹைட்ராலிக் மோட்டார் கேபிளை இழுத்து 3.5 செகண்டுல மணிக்கு 206 கி.மீக்குக் கொண்டு போயிடும். 206 கி.மீன்னா செகண்டுக்கு 57 மீட்டர், அதை 3.5-ஆல வகுத்தா முடுக்கம் சுமார் 16, அதாவது 1.7 ஜி. நிறையை முடுக்கத்தால பெருக்குங்க, 70 கிலோ ஆளோட முதுகுல சீட்டு சுமார் 116 கிலோ எடைக்கு சமமா தள்ளும், முதுகுக்குப் பின்னாடி ரெண்டு மூட்டை சிமெண்டும் கொஞ்சமும்னு வெச்சுக்கோங்க. இப்போ அந்த வேகம் எவ்வளவு உயரம் ஏத்தும்? உராய்வே இல்லாட்டி 167 மீட்டர். கோபுரம் 139 மீட்டர் தான். மிச்சம் இருக்கற 28 மீட்டருக்கான ஆற்றல் காத்தைக் கிழிக்கறதுலயும் சக்கரத்துலயும் போயிட்டு, உச்சியைத் தாண்ட ஒரு சின்ன வேகமா நிக்கும். அந்த மிச்சம் ரொம்பக் கம்மி, அதனால தான் எப்பவாவது காத்து எதிரா அடிச்சாலோ இழுவை ஒரு துளி குறைஞ்சாலோ ட்ரெய்ன் உச்சி வரைக்கும் போய் நின்னு யோசிச்சுட்டு அதே பக்கம் திரும்பி இறங்கிடும். அது விபத்து இல்ல, அதுக்குன்னே கிளம்பற பாதையில பிரேக் வெச்சிருந்தாங்க, மறுபடி ஒரு தடவை ஏவி விடுவாங்க.

வழக்கமான கோஸ்டர்ல இன்ஜினே இல்லாம எப்படி ஓடுதுன்னு நிறைய பேர் கேப்பாங்க. சங்கிலியோ கேபிளோ ட்ரெய்னை முதல் மேட்டு உச்சிக்கு இழுத்து விட்டுடும், அதோட சரி, அப்புறம் புவியீர்ப்பும் முதல் விதியும் பாத்துக்கும். சங்கிலில ஏறறப்போ வர்ற டக் டக் டக் சத்தம் சங்கிலியோடது இல்ல, ட்ரெய்ன்ல இருக்கற ஒரு இரும்பு நாக்கு பாதையில இருக்கற பல்லு மேல விழுந்து விழுந்து ஏறற சத்தம், சங்கிலி அறுந்தா கூட பின்னாடி வராம அது பிடிச்சுக்கும். ஒஹையோ சீடர் பாயிண்ட்ல 2000-ல் திறந்த மில்லேனியம் ஃபோர்ஸ்ல முதல் இறக்கம் 300 அடி, அதாவது 91 மீட்டர். உராய்வே இல்லாம விழுந்தா மணிக்கு 152 கி.மீ வரணும், நிஜத்துல அவங்க சொல்ற வேகம் 150. உச்சியைத் தாண்டறப்போவே ஒரு சின்ன வேகம் இருக்கும், அதையும் சேர்த்துக்கிட்டா இழப்பு இன்னும் கொஞ்சம் அதிகம்னு தான் சொல்லணும், ஆனாலும் ஒரே ஒரு இறக்கத்துல இழக்கறது அவ்வளவு கம்மி. சின்னச் சின்னதா தின்னுக்கிட்டே போறதால தான் அடுத்தடுத்த மேடுகள் உயரம் குறைஞ்சுக்கிட்டே வரும்.

நிறைய ஆள் ஏறினா வேகமா போகுமா, கம்மியா இருந்தா வேகமா போகுமான்னு ஒரு வாக்குவாதம் எப்பவும் இருக்கும். உராய்வும் காத்தும் இல்லாட்டி எடைக்கு இதுல வேலையே இல்ல, ரெண்டும் ஒரே வேகம். நிஜத்துல காத்தோட தடை ட்ரெய்னோட உருவத்தையும் வேகத்தையும் தான் பாக்கும், எடையைப் பாக்காது, அதனால அதே தடை கனமான ட்ரெய்னைக் கம்மியா மெதுவாக்கும், ஆள் நிறைஞ்ச ட்ரெய்ன் கொஞ்சம் வேகமா தான் போகும். காலையில முதல் ட்ரிப் மந்தமாவும், நாலஞ்சு மணி நேரம் ஓடி சக்கரமும் கிரீஸும் சூடானப்புறம் வேகமாவும் இருக்கறதும் உண்மை தான். முன் சீட்டா பின் சீட்டான்னு கேட்டா, ட்ரெய்ன் எல்லாம் ஒண்ணா கோர்த்திருக்கறதால எல்லாருக்கும் ஒரு நொடியில ஒரே வேகம் தான், ஆனா அந்த வேகம் வர்றப்போ நீங்க எந்த இடத்துல இருக்கீங்கங்கறது மாறுது. முன் சீட்டுக்காரர் உச்சியைத் தாண்டறப்போ பின்னாடி இருக்கற பெட்டிகள் இன்னும் மேல ஏறிக்கிட்டு அவரைப் பிடிச்சு இழுக்குது, மெதுவா எட்டிப் பாத்துட்டு நிப்பார். கடைசி சீட்டுக்காரர் உச்சிக்கு வர்றப்போ முன்னாடி பெட்டியெல்லாம் இறங்க ஆரம்பிச்சு வேகம் பிடிச்சிருக்கும், அவரை உச்சிக்கு மேல வெடுக்குனு இழுத்துட்டுப் போகும், சீட்டை விட்டு எழும்பறது அங்க தான் அதிகம். உங்க மகளுக்கு அடிவயித்துல பகீர்ங்கறது தான் பிடிக்கும்னா கடைசி வரிசைக்குப் போகச் சொல்லுங்க.

வளைவுல பாதையை சாய்ச்சு வெச்சிருக்கறதுக்கும் இதே காரணம் தான், திருப்பறதுக்கு வேணும்ங்கற விசை பக்கவாட்டுல இடிக்காம சீட்டு வழியாவே வரணும். மணிக்கு 72 கி.மீ வேகம், 40 மீட்டர் ஆரம்னா 45 டிகிரி சாய்ச்சா கச்சிதமா பொருந்தும். கடைசியில நிறுத்தற பிரேக் பெரும்பாலும் காந்தம், உலோகத் தகடு காந்தத்துக்கு நடுவுல ஓடறப்போ அதுல உண்டாகற சுழல் மின்னோட்டமே எதிர்க்கும், கரண்ட் போனாலும் வேலை செய்யும்.

கம்பி இல்லாட்டியும் விழ மாட்டோமாங்கற கேள்விக்கு வர்றேன். நான் சொன்ன மாதிரி லூப்ல, சரியான வேகத்துல, அந்த உச்சி நொடியில மட்டும்னு கேட்டீங்கன்னா விழ மாட்டீங்க, சீட்டு உங்களை அழுத்திக்கிட்டு இருக்கும். அந்த ரெவல்யூஷன் 1976-ல் திறந்தப்போ தோள் கம்பியே கிடையாது, மடிக் கம்பியோட தான் லூப் போச்சு. ஆனா இதைக் கேட்டுட்டு கம்பி சும்மா ஒப்புக்கு இருக்குன்னு எடுத்துக்கவே கூடாது, இதை நான் கெஞ்சியே கேட்டுக்கறேன். மேட்டு மேல சீட்டு தள்றதை விட்டுடற இடம் ஒவ்வொண்ணுலயும் உங்களை வண்டியோட வெச்சிருக்கறது அந்தக் கம்பி மட்டும் தான். வேகம் குறைஞ்சு போனாலோ, மெதுவா உருண்டு திரும்பற பாதையிலயோ அதுவே தான். கம்பி பூட்டினப்புறம் ஆப்பரேட்டர் வந்து அழுத்திப் பாக்கறதுக்கு முன்னாடி வண்டி கிளம்பற மாதிரி தெரிஞ்சா கையைத் தூக்கிக் கத்துங்க, கூச்சமே படாதீங்க. எத்தனை ஜி தாங்கலாம்ங்கறதுக்கு ஒரே எண்ணு கிடையாது, எத்தனை ஜி, எத்தனை செகண்டு, எந்தத் திசையிலன்னு மூணையும் சேர்த்துத் தான் வரம்பு வெச்சிருக்காங்க. கழுத்து, முதுகுத்தண்டு, இதயத்துல பிரச்சனை இருக்கறவங்களும் கர்ப்பமா இருக்கறவங்களும் டாக்டர் சொல்றதை மட்டும் கேளுங்க.

உங்க மகளுக்கு ஒரு வேலை கொடுங்க. லூப்போட உச்சியில ஒரு ஆளை வரைஞ்சு, அந்த ஆள் மேல இருக்கற விசைகளை மட்டும் அம்புக்குறியா போடச் சொல்லுங்க. ஒவ்வொரு அம்புக்கும் இதை யார் கொடுக்கறான்னு கேளுங்க, பூமி, சீட்டு, ரெண்டு பேர் தான் வருவாங்க, ரெண்டும் கீழ. மேல்நோக்கி ஒரு அம்பு போட அவளுக்குக் கை துடிக்கும், யார் தள்றான்னு கேட்டா பேர் வராது. அப்புறம் ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப், ஜெர்மனியில ஆஹன் பல்கலைக்கழகத்துக்காரங்க பண்ணது, போன்ல போட்டு புவியீர்ப்போட சேர்த்துக் காட்டற முடுக்கமானியைத் திறங்க. மேஜை மேல சும்மா வெச்சா 9.8-ன்னு காட்டும், அசையாத போனுக்கு ஏன் 9.8-ன்னு அவளையே யோசிக்க விடுங்க. பதிவு ஓடறப்போவே கட்டில் மேல ரெண்டு தலைகாணி போட்டு, ஒரு மீட்டர் உயரத்துலேர்ந்து போனைக் கையை விட்டு விடுங்க. கிராஃப்ல கிட்டத்தட்ட அரை செகண்டு கோடு சைபருக்குப் பக்கத்துல படுத்திருக்கும், தலைகாணில விழுந்த இடத்துல செங்குத்தா எகிறும். கொலம்பஸ்ல ஒரு தடவை போனை ஜிப் போட்ட பாக்கெட்ல வெச்சு பதிவு பண்ணிட்டு வந்தீங்கன்னா அதே கோடு ஏறி இறங்கறதையும் பாக்கலாம். அந்த கிராஃப்ல ஏதாவது புரியலைன்னா இங்கயே போடுங்க, நான் பாத்து சொல்றேன்.